லாகோஸ் பள்ளிப் பையன்கள் 1973-இல் போட்ட ராக் ஆல்பம்: நிஜமா, ஜோடனையா?

கேள்வி: நண்பர் அனுப்பிய இணைப்பில் 'ஒஃபேகே' என்ற நைஜீரியக் குழுவின் 'ட்ரை அண்ட் லவ்' ஆல்பத்தைக் கேட்டேன். 1973-இல் பள்ளி மாணவர்கள் போட்டது என்கிறார்கள். நிஜமாகவே பழையதா, இல்லை இப்போது யாரோ செய்து பழையது என்று விற்கிறார்களா? இவ்வளவு வருஷம் எங்கே போயிருந்தது? அசல் எல்பி வாங்கலாமா? கிட்டார் படிக்கும் என் மகள் (14 வயது) 'அந்தச் சத்தம்' எப்படி வருகிறது என்று இரண்டு நாளாக நச்சரிக்கிறாள்.

பதில்:

நிஜம்தான். ஆனால் உங்களுக்குச் சந்தேகம் வந்ததில் தப்பில்லை. பழைய அபூர்வ இசைத்தட்டு என்ற பெயரில் புதுச் சரக்கு விற்ற கதைகள் உண்டு. 2011-இல் 'சயன்ஸ் ஆஃப் தி ஸீ' என்று ஒரு ஆல்பம் வந்தது. 1980-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஒரு கடலாய்வாளர் தனியாக உட்கார்ந்து சின்தசைசரில் வாசித்துச் சில பிரதிகளே அச்சிட்டாராம். கேட்டவர்கள் உருகினார்கள். கடைசியில் அந்தக் கடலாய்வாளரே கற்பனை, செய்தவர் சியாட்டிலைச் சேர்ந்த நார்ம் சேம்பர்ஸ் என்று தெரிந்தது. இசை நன்றாகத்தான் இருந்தது, அது வேறு விஷயம். ஆக 'பள்ளிப் பையன்கள், ஆப்பிரிக்கா, 1973, தொலைந்துபோன ஆல்பம்' என்று நான்கு கவர்ச்சியான வார்த்தைகள் ஒரே வரியில் வந்தால் ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதுதான் நல்லது.

ஒஃபேகே விஷயத்தில் அந்தப் பயம் வேண்டாம். லாகோஸ் நகரத்தில் செயின்ட் கிரிகரிஸ் காலேஜ் என்று ஒரு கத்தோலிக்கப் பள்ளி இருக்கிறது. காலேஜ் என்று பெயரே தவிர, நம் கணக்கில் அது ஆண்கள் மேல்நிலைப் பள்ளி. 1928-இல் தொடங்கியது, இன்றும் நடக்கிறது. அங்கே படித்த பையன்கள் 1970-களின் தொடக்கத்தில் சேர்ந்த குழு இது. முன்னால் நின்று பாடியவர் மெல்வின் உகாச்சி. கிட்டாரில் ஃபீலிக்ஸ் இன்னே, பேஸில் பால் அலாடே, கீபோர்டில் டாப்போ ஒலுமிடே, டிரம்ஸில் மைக் மீமே. பதிவின்போது இவர்களின் சராசரி வயது 16 என்பார்கள். நம் ஊரில் பதினொன்றாம் வகுப்புப் பையன்கள்.

இந்தப் பெயர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். இக்போ, யோருபா இரண்டும் நைஜீரியாவின் பெரிய இனங்கள். உகாச்சி இக்போ பெயர். அலாடே, ஒலுமிடே இரண்டும் யோருபாப் பெயர்கள். நைஜீரிய உள்நாட்டுப் போர் 1967 ஜூலையில் தொடங்கி 1970 ஜனவரியில்தான் முடிந்தது. கிழக்கே இக்போ மக்கள் பியாஃப்ரா என்று தனிநாடு அறிவித்ததும், அதை நசுக்க ராணுவம் போனதும், பட்டினியில் கூட்டம் கூட்டமாகக் குழந்தைகள் செத்ததும் அப்போதுதான். லாகோஸில் வாசித்துக்கொண்டிருந்த இக்போ இசைக்காரர்கள் பலர் உயிருக்குப் பயந்து கிழக்கே ஓடினார்கள். அவர்களை நம்பி நடந்த 'ஹைலைஃப்' என்ற மேற்கு ஆப்பிரிக்க நடன இசைக் குழுக்கள் ஆட்டம் கண்டன. அந்த இடைவெளியில் நுழைந்தவர்கள்தான் எலெக்ட்ரிக் கிட்டார் வைத்திருந்த இளவட்டங்கள். போர் முடிந்து மூன்றே வருஷத்தில் ஒரு வகுப்பறையிலிருந்து இப்படிக் கலந்து ஒரு குழு வந்திருக்கிறது. அவர்கள் இதை ஒரு கொள்கையாகச் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பதினாறு வயதில் யாரும் கொள்கைக்காக பேண்டு தொடங்குவதில்லை. பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவனுக்கு வாசிக்கத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். ஆனாலும் அந்த ஆல்பத்தின் பெயர் 'ட்ரை அண்ட் லவ்'. 'நேசித்துத்தான் பாரேன்' என்று தமிழில் சொல்லலாம்.

பள்ளிப் பையன்களால் எப்படி ஆல்பம் போட முடிந்தது என்பது நியாயமான கேள்வி. இதே காலத்தில் மற்ற ஊர்களில் விடலைப் பையன்கள் போட்ட எல்பிகளைப் பார்த்தால்தான் இவர்களுக்கு வாய்த்தது என்னவென்று விளங்கும். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து லேக் ஃபாரஸ்ட் பகுதியில் 'தி பாக்ஸ்' என்ற உயர்நிலைப் பள்ளிக் குழு 1968-இல் ஒரு எல்பி போட்டது. மொத்தம் 150 பிரதிகள். மாசசூசெட்ஸில் ஆண்டோவர் என்ற ஊரின் பணக்கார விடுதிப் பள்ளியில் படித்த 'தி ரைசிங் ஸ்டார்ம்' குழு போட்டது 500. எல்லாம் கைக்காசு. சொந்தக்காரர்களுக்கும் வகுப்புத் தோழர்களுக்கும் கொடுத்து முடித்துவிட்டு அவரவர் படிக்கப் போய்விட்டார்கள். இங்கிலாந்தில் இன்னும் வேடிக்கை. நூறு பிரதியை எட்டினாலே விற்பனை வரி கட்ட வேண்டும் என்பதால் சின்னக் குழுக்கள் சரியாக 99 பிரதி அச்சிட்டன. இன்று அந்த 99-க்காகத்தான் சேகரிப்பாளர்கள் வீட்டை அடமானம் வைக்கிறார்கள்.

ஒஃபேகே அந்த ரகம் இல்லை. அவர்களைப் பதிவு செய்தது இஎம்ஐ. பீட்டில்ஸை வெளியிட்ட அதே கம்பெனியின் நைஜீரியக் கிளை. காரணம் ஒரே ஆள்: ஒடியன் இருவோஜே. இஎம்ஐ நைஜீரியாவின் தயாரிப்பாளர். நைஜீரியாவின் புகழ்பெற்ற பாடகர் ஃபெலா குட்டியின் ஆரம்பகாலப் பதிவுகளில் வேலை செய்தவர். லாகோஸின் இளைஞர் குழுக்களை ஸ்டூடியோவுக்குள் இழுத்துவந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. மேல்நாட்டு ராக்கை அப்படியே நகல் எடுத்துப் பாடிக்கொண்டிருந்த பையன்களை 'உங்கள் பாட்டை எழுதிக்கொண்டு வாருங்கள்' என்று தள்ளியவர்களில் ஒருவர். அவரும் பின்னால், 1983-இல், 'டவுன் டு எர்த்' என்று தன் பெயரில் ஒரு ஆல்பம் போட்டார். அதையும் இப்போது சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள்.

இஎம்ஐயின் ஸ்டூடியோ லாகோஸ் துறைமுகத்தை ஒட்டிய அபாபா பகுதியில், வார்ஃப் ரோட்டில் இருந்தது. அந்த இடம் உலகத்துக்குத் தெரிந்தது வேறொரு காரணத்தால். இதே 1973-இல், ஆகஸ்டிலும் செப்டம்பரிலும், பால் மெக்கார்ட்னி தன் 'விங்ஸ்' குழுவோடு அங்கே வந்து 'பேண்ட் ஆன் தி ரன்' ஆல்பத்தின் பெரும்பகுதியைப் பதிவு செய்தார். ஒரே ஒரு எட்டு ட்ராக் டேப் மெஷின், பழுதான ஒலிக்கலவை மேடை, வெளியே மழைக்காலம். கத்தியைக் காட்டி அவர் கையிலிருந்த பாட்டு டேப்புகளை வழிப்பறி செய்துவிட்டார்கள். ஆப்பிரிக்க இசையைத் திருட வந்திருக்கிறான் என்று ஃபெலா வேறு ஒரு பக்கம் கத்தினார். மெக்கார்ட்னியைப் பற்றிய புத்தகங்களில் இந்த ஸ்டூடியோவை ஏதோ தண்டனைக் கொட்டடி மாதிரி எழுதியிருப்பார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். உலகப் புகழ் பெற்றவருக்குப் போதாத அந்த வசதிக்குள்தான் லாகோஸின் ஒரு தலைமுறையே தன் இசையைப் பதிவு செய்துகொண்டிருந்தது.

இனி இசைக்கு வருவோம். இந்த இரைச்சலும் மயக்கமும் அவர்களுக்கு எங்கிருந்து வந்தன? தான் விழுந்து விழுந்து கேட்ட கிட்டார்காரர்கள் என்று உகாச்சி சொல்லும் பெயர்கள் கார்லோஸ் சன்டானா, ஜெஃப் பெக், ஜிம்மி பேஜ், ஜான் மெக்லாஃப்லின். உள்ளூர்க் குழுக்களில் 'பிஎல்ஓ', 'மோனோமோனோ', 'ஓஃபோ தி பிளாக் கம்பெனி'. (மெக்லாஃப்லின் பெயரைப் பார்த்ததும் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். லாகோஸ் பையன்கள் அவரைக் கேட்டுக்கொண்டிருந்த அந்த 70-களிலேயே அவர் வயலின் எல். சங்கரோடும் நம் கடம் விக்கு விநாயக்ராமோடும் சேர்ந்து 'சக்தி' குழுவைத் தொடங்கிவிட்டார். கிளை எங்கெங்கோ போகிறது.)

இந்தப் பட்டியலில் சன்டானாதான் முக்கியம். 1971 மார்ச்சில் கானாவின் அக்ராவில் 'சோல் டு சோல்' என்று விடிய விடிய ஒரு கச்சேரி நடந்தது. அமெரிக்காவிலிருந்து வந்து வாசித்தவர்களில் சன்டானா குழுவும் ஒன்று. கிட்டாரும் ஆர்கனும் கொங்கா டிரம்ஸும் சேர்ந்த அந்தக் கலவை மேற்கு ஆப்பிரிக்க இளைஞர்களை அப்படியே பிடித்துக்கொண்டது. அதில் ஆச்சரியமும் இல்லை. சன்டானாவின் முதல் சிங்கிளாக 1969-இல் வந்த 'ஜிங்கோ' யாருடைய பாட்டு தெரியுமா? பாபாடுண்டே ஒலாடுஞ்சி என்ற நைஜீரிய டிரம்ஸ் கலைஞருடையது. லாகோஸுக்குப் பக்கத்துக் கடலோரக் கிராமத்தில் பிறந்து அமெரிக்கா போனவர். இன்னும் பின்னால் போனால், சன்டானா கையாண்ட கியூபத் தாளங்களிலேயே கணிசமான பங்கு, யோருபா மண்ணிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள் கொண்டுபோனதுதான். ஆக, லாகோஸ் பையன்கள் வெள்ளைக்காரன் இசையைக் காப்பியடித்தார்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பக்கத்துத் தெருவிலிருந்து புறப்பட்ட சாமான் கியூபா, நியூயார்க், சான் ஃபிரான்சிஸ்கோ எல்லாம் சுற்றி, வழியில் கிட்டார் ஒலியை மொரமொரப்பாக்கும் ஒரு ஃபஸ் பெடலையும் தொற்றிக்கொண்டு வீடு திரும்பியிருந்தது. பையன்கள் கதவைத் திறந்துவிட்டார்கள்.

ஆல்பத்தை இன்னொரு தடவை இதை மனதில் வைத்துக் கேளுங்கள். முழுக் கனமான ராக் என்று நினைத்து உட்கார்ந்தால் ஏமாறுவீர்கள். கிட்டார்தான் முரட்டுத்தனம். குரல்கள் அதற்கு நேர் எதிர். கூச்சமும் மென்மையுமாக, கோஷ்டிப் பாட்டில் பின்வரிசையில் நிற்பவர்கள் போலப் பாடுகிறார்கள். அங்கங்கே சுருதி லேசாக நழுவும். டிரம்ஸ் ஆர்வக்கோளாறில் ஒரு முடி முன்னால் ஓடும். தேர்ந்த தயாரிப்பாளர் ஒருவர் 'திரும்ப எடு' என்று சொல்லியிருக்கலாம். இருவோஜே பல இடங்களில் விட்டுவிட்டார் என்றே தோன்றுகிறது. விட்டது நல்லது. 'இட்ஸ் நாட் ஈஸி' பாட்டைப் பாருங்கள். மெதுவான, துக்கமான பாட்டு. நாற்பது வயதுப் பாடகர் அதைப் பாடியிருந்தால் வாழ்க்கை கஷ்டம் என்ற வழக்கமான புலம்பலாகப் போயிருக்கும். பதினாறு வயதுக் குரல் 'அவ்வளவு சுலபமில்லை' என்று சொல்லும்போது கேட்பவருக்கு வேறு மாதிரி இருக்கிறது. 'கிபே மி லோ' யோருபாத் தலைப்பு. 'என்னைத் தூக்கிக்கொண்டு போ' என்று பொருள். மற்றவை பெரும்பாலும் ஆங்கிலம். மேற்கு ஆப்பிரிக்க இசை என்றதும் ஃபெலாவின் இருபது நிமிட அரசியல் பாட்டை எதிர்பார்த்து வருபவர்களுக்கு இந்த ஆல்பம் ரொம்பச் சின்னதாக, ரொம்பச் சொந்தமாகத் தெரியும். எனக்கு அது குறையாகப் படவில்லை.

இந்த ஆல்பத்தின் மேல் ஒட்டப்படும் 'சைகடெலிக்' என்ற ஒட்டுச்சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. எல்எஸ்டி என்ற போதை மருந்து, பூப்போட்ட சட்டை, கனவு மயக்கம் என்று அமெரிக்காவில் அந்தச் சொல்லோடு வந்த மூட்டை முடிச்சு எதுவும் இந்தப் பையன்களிடம் இருந்ததாக எண்ண வேண்டாம். பின்னால் ரெக்கார்டு விற்றவர்கள் ஒலியை வைத்து ஒட்டிய பெயர் அது. ஃபஸ் கிட்டார் கேட்டாலே அந்த அலமாரியில் போட்டுவிடுவார்கள். விலையும் இரண்டு மடங்காகும்.

'எங்கே போயிருந்தது' என்ற கேள்விக்கு என் பதில் உங்களுக்குச் சப்பென்று இருக்கலாம். எங்கும் போகவில்லை. நைஜீரியாவில் அது தெரிந்த ஆல்பம். வெளியானபோது நன்றாக விற்றது. பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளிடம் இந்தக் குழுவுக்குப் பெரிய மவுசு இருந்தது. அதன் பலத்தில்தான் 1976, 1977, 1978 என்று இன்னும் மூன்று ஆல்பம் போட முடிந்தது: 'தி லாஸ்ட் ஆஃப் தி ஒரிஜின்ஸ்', 'ஹையர் ப்ளேன் ப்ரீஸ்', 'ஹவ் டு யூ ஃபீல்'. அன்று பள்ளிச் சீருடையில் அதைக் கேட்டவர்கள் இன்று அறுபதைத் தாண்டிய லாகோஸ்வாசிகள். அவர்களிடம் போய் 'தொலைந்துபோன ஆல்பத்தைக் கண்டுபிடித்துவிட்டோம்' என்றால், யாரிடமிருந்து தொலைந்தது என்று திருப்பிக் கேட்பார்கள். நம் வீட்டுப் பெரியவர்களிடம் போய் ஒரு வெளிநாட்டுக்காரர் ஏ.எம். ராஜாவைக் கண்டுபிடித்ததாகச் சொன்னால் எப்படி இருக்கும்!

தொலைந்தது பாட்டு இல்லை, தட்டு. அதற்குக் காரணங்கள் உண்டு. 70-களின் கடைசியில் ருசி மாறியது. டிஸ்கோ, ஃபங்க் என்ற நடன இசைகள் வந்து ஃபஸ் கிட்டாரை ஓரங்கட்டின. ஒஃபேகேயின் பிந்தைய ஆல்பங்களிலேயே இந்த மாற்றம் கேட்கும். அடுத்தது கேசட். கையடக்கமாக, மலிவாக, திருட்டு நகல் எடுக்க வசதியாக வந்த கேசட்டுக்கு முன்னால் எல்பி நிற்க முடியவில்லை. எண்ணெய்ப் பணம் வடிந்து 1980-களில் நைஜீரிய நாணயமான நைராவின் மதிப்பு சரிந்ததும் பன்னாட்டு ரெக்கார்டு கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கைகழுவிவிட்டுப் போயின. போகும்போது மாஸ்டர் டேப்புகளைப் பத்திரமாகப் பெட்டிபோட்டு வைத்துவிட்டுப் போவார்களா? அந்தக் காலத்து நைஜீரிய ஆல்பங்களில் பல, மூல டேப் கிடைக்காமல், தேய்ந்த தட்டுகளிலிருந்து சுத்தப்படுத்தித்தான் மறுபதிப்பாகின்றன. மிஞ்சிய தட்டுகளையும் வெயிலும் ஈரமும் தூசியும் பார்த்துக்கொண்டன. கல்யாணத்திலும் விருந்திலும் மாற்றி மாற்றிப் போட்டு, ஊசி தேய்ந்த பிளேயரில் ஓட்டி, உறையில்லாமல் அடுக்கி வைத்த தட்டு எப்படி இருக்கும் என்று நமக்கும் தெரியும். சென்னை மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்தபோது அங்கே அடுக்கியிருந்த பழைய இசைத்தட்டுகளுக்கு என்ன ஆனது என்று நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

வெளியுலகம் திரும்பிப் பார்த்தது இந்த நூற்றாண்டில்தான். 2001-இல் லண்டனின் ஸ்ட்ரட் கம்பெனி 'நைஜீரியா 70' என்று ஒரு தொகுப்புப் போட்டது. ஃபெலாவைத் தாண்டியும் அங்கே ஒரு உலகம் இருந்தது என்று பலருக்குத் தெரிந்தது அப்போதுதான். பிறகு சவுண்ட்வே கம்பெனியின் மைல்ஸ் கிளெரெட் போன்றவர்கள் கானாவுக்கும் நைஜீரியாவுக்கும் நேரே போய், பழைய கடைகள், வானொலி நிலையக் கிடங்குகள், ஓய்வுபெற்ற இசைக்காரர்களின் வீடுகள் என்று அலைந்தார்கள். சவுண்ட்வே 2008-இல் நைஜீரிய ராக்குக்கென்றே தனித் தொகுப்பு வெளியிட்டது. என் மதிப்பில் இவர்கள் எல்லோரையும்விடப் பெரிய வேலை செய்தவர் உச்சென்னா இக்கோன்னே. அவர் நைஜீரியர். தட்டைத் தேடுவதோடு நிற்காமல் வாசித்தவர்களைத் தேடிப்போய்ப் பேசினார். யார் எந்தக் குழுவில் இருந்தார், ஏன் பிரிந்தார், போர்க்காலத்தில் யாருக்காக வாசித்தார் என்றெல்லாம் கேட்டு எழுதிவைத்தார். 2016-இல் நவ்-அகெய்ன் கம்பெனியோடு சேர்ந்து அவர் கொண்டுவந்த 'வேக் அப் யூ!' இரண்டு பாகமும் இசையும் புத்தகமுமாக இருக்கும். 1972 முதல் 1977 வரை நைஜீரிய ராக் எழுந்ததும் விழுந்ததும் அதில் இருக்கிறது. ஒரே ஒரு சாமான் வாங்குவதாக இருந்தால் அதை வாங்குங்கள் என்பேன்.

காசு யாருக்குப் போகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். சில மறுபதிப்புகள் இசைக்காரர்களோடு ஒப்பந்தம் போட்டு வந்தவை. சில, பழைய கம்பெனியின் உரிமையை யார் யாரோ வாங்கி, அவர்களிடமிருந்து பெற்றவை. அப்படி வருவது சட்டப்படி சரி, ஆனால் வாசித்தவருக்குப் பத்துப் பைசா போகாமலும் இருக்கலாம். இன்னும் சில சுத்தத் திருட்டு. உறையின் பின்பக்கத்தைப் பாருங்கள். உரிமை யாரிடம் பெற்றது என்று எழுதியிருக்கிறதா, உள்ளே குழுவினரின் பேட்டியோ புதிய படமோ இருக்கிறதா? அது இருந்தால் பெரும்பாலும் யாரோ போய்ப் பேசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். எதுவுமே இல்லாமல் பழைய உறையின் மங்கலான ஸ்கேன் மட்டும் இருந்தால் நான் வாங்க மாட்டேன்.

அசல் எல்பி வாங்கலாமா என்று கேட்டீர்கள். நல்ல நிலையில் உள்ள முதல் அச்சுக்கு நூற்றுக்கணக்கான டாலர் கேட்கிறார்கள். தபாலும் சுங்கமும் தனி. அந்தக் காசுக்கு மறுபதிப்பை வாங்கிக்கொண்டு மிச்சத்தில் மகளுக்கு ஒரு நல்ல ஆம்ப்ளிஃபையரே வாங்கலாம். இல்லை, அசல்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் சில விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். உறையில் பார்கோடு இருந்தால் பேச்சே வேண்டாம். உலகத்தில் முதல் பார்கோடு கடைக் கவுண்டரில் ஸ்கேன் ஆனதே 1974 ஜூனில்தான். 1973 தட்டில் அது எப்படி வரும்? தட்டு கனமாக, 180 கிராம் என்று பெருமை பேசினால் அதுவும் இந்தக் காலத்து அச்சு. கடைசிப் பாட்டின் வரிக்கும் லேபிளுக்கும் நடுவே வெறுமையாக ஒரு வளையம் இருக்கும். அங்கே கையால் கீறியோ முத்திரை குத்தியோ எண்கள் இருக்கும். விற்பவரிடம் அந்த இடத்தின் படம் கேளுங்கள். தயங்கினால் நகர்ந்துவிடுங்கள். 'விஜி பிளஸ்', அதாவது 'மிக நன்று'க்கும் ஒரு படி மேல், என்று தரம் போட்டிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். ஒரு பக்கம் முழுவதையும் ஓட்டிப் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வரும் தட்டுகள் பார்க்கப் பளபளவென்று இருந்தும், கனத்த ஊசி உழுது உழுது, அமைதியான இடங்களில் எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிப்பது போலப் பொரியும். 'இட்ஸ் நாட் ஈஸி' மாதிரி மெதுவான பாட்டில் அது தாங்காது.

வாங்கிய பிறகு நம் ஊர்க் காற்று இருக்கிறது. காகித உள்ளுறையை எடுத்துவிட்டுப் பாலித்தீன் உள்ளுறை போடுங்கள். ஈரத்தில் காகிதம் பூஞ்சையை வளர்த்துவிடும். படுக்கையாக அடுக்காமல் புத்தகம் போல நிறுத்தி வையுங்கள். வெயில் படும் சுவரில் வேண்டாம், காருக்குள் வேண்டவே வேண்டாம். பூஞ்சைப் புள்ளி தெரிந்தால் வடிகட்டிய நீரில் கொஞ்சம் ஐசோப்ரோபில் ஆல்கஹால் கலந்து, மென்மையான துணியால் வரியின் போக்கிலேயே துடையுங்கள். இது எல்பிக்கு மட்டும். தாத்தா காலத்து 78 வேகத் தட்டில் ஆல்கஹால் பட்டால் அரக்கு கரைந்துவிடும். தெரியாமல் துடைத்து ஒன்றைப் பாழாக்கியவன் சொல்கிறேன்.

நம் ஊரில் இப்படி எதுவும் இல்லையா என்று அடுத்து கேட்பீர்கள் என்று தெரியும். இருந்தது. இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி தன் சிம்லா சிகரெட் விளம்பரத்துக்காக 'சிம்லா பீட்' என்று பேண்டுகளுக்குப் போட்டி நடத்தியது. அதில் வாசித்த குழுக்களை வைத்து 1970-லும் 71-லும் இரண்டு எல்பி வந்தன. மதராஸிலிருந்து 'கன்ஃப்யூஷன்ஸ்', 'ஜெனுயின் ஸ்பேர்ஸ்' குழுக்கள் அவற்றில் உண்டு. ஆனால் பாட்டுக்கு ஒரு குழு என்ற கணக்கில்தான் இடம். லாகோஸில் இருவோஜே செய்தது போல, 'ஒரு முழு ஆல்பத்துக்கு எழுதிக்கொண்டு வா' என்று அந்தப் பையன்களை யாரும் உட்கார வைக்கவில்லை. எனக்கு அதில் ஆற்றாமை உண்டு.

மகளுக்கு வருகிறேன். அந்தச் சத்தத்தின் பெயர் ஃபஸ். கோயில் திருவிழாவில் கூம்பு ஸ்பீக்கரில் நாதஸ்வரத்தை உச்சத்துக்கு வைத்தால் ஓர் இரைச்சல் சேருமே, அதன் உறவுக்காரன். கிட்டாரிலிருந்து வரும் மின் அலை மலை மலையாக ஏறி இறங்கும். பெடலுக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் அதைத் தாங்கமுடியாத அளவுக்குப் பெருக்கும்போது மலைகளின் உச்சி வெட்டுண்டு தட்டையாகிவிடும். தட்டையான அலையில் மூல சுரத்தோடு ஏகப்பட்ட மேல்சுரங்கள் சேர்ந்துகொள்ளும். அதுதான் அந்த மொரமொரப்பு. ஒலி உடனே அடங்காமல் நீண்டு ஒலிப்பதும் அதனால்தான். சில குழுக்களில் கிட்டாரே வாய் திறந்து பேசுவது போலக் கேட்குமே, அது வா-வா பெடல். காலால் மிதிக்க மிதிக்க ஒரு வடிகட்டி நகர்ந்து, 'ஊ' என்று குவிந்த வாய் 'ஆ' என்று திறப்பது போல ஒலியின் நிறத்தை மாற்றும்.

இரண்டில் ஒன்று வாங்குவதென்றால் முதலில் ஃபஸ். வாங்கியதும் எல்லாப் பிள்ளைகளும் செய்வது போல முழுசாகத் திருகி வைத்துவிட்டு ஆறு கம்பியையும் ஒரே நேரத்தில் அடிப்பாள். வெறும் இரைச்சல்தான் வரும். ஃபஸ்ஸில் முழுக் கார்டு, அதாவது பல சுரங்களை ஒன்றாகச் சேர்த்து, அடித்தால் சுரங்கள் ஒன்றோடொன்று முட்டிக் குழம்பிவிடும். ஒற்றைக் கம்பியில் ஒரு மெட்டை வாசிக்கச் சொல்லுங்கள். தாளத்துக்குக் கார்டு வாசிக்கும்போது பெடலை அணைத்துவிடலாம், அல்லது கிட்டாரிலேயே இருக்கும் வால்யூம் திருகியைப் பாதிக்குக் குறைத்துப் பார்க்கலாம். பழைய வகை ஃபஸ் பெடல்களில் அப்படிக் குறைத்தாலே ஒலி தெளிந்துவிடும். பாட்டின் நடுவே சுண்டுவிரலால் அதைக் கூட்டிக் குறைத்து வாசிக்கப் பழகிவிட்டால், நீங்கள் அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியிருக்காது.